லிஃப்ட் போட்ட பிக்கப்புக்கு புது வீல் வாங்கறீங்களா? ஆஃப்செட் எண்ணைப் பார்த்துட்டு பணத்தை எடுங்க!

டொயோட்டா ஹைலக்ஸோ, இசுசு வி-கிராஸோ வாங்கியாச்சு. 2 இன்ச் லிஃப்ட் கிட்டும் போட்டாச்சு. வண்டி நல்லா உயர்ந்து நிற்குது. ஆனா பின்னாடி போய் நின்னு பார்த்தா ஏதோ உறுத்துது. பாடி பெருசா தெரியுது, டயர் உள்ளே ஒடுங்கின மாதிரி இருக்குது. கடையில் சொன்னால் பதில் தயாராக இருக்கும்: "30 எம்.எம். ஸ்பேசர் போட்டுடலாம் சார். அரை மணி நேர வேலை. லுக்கே மாறிடும்."

லுக் மாறும், அது உண்மைதான். கூடவே ஸ்டீயரிங், பிரேக் பிடிக்கும்போது வண்டி நடந்துகொள்ளும் விதம், வீல் பேரிங்கின் ஆயுள் எல்லாமும் மாறும். அந்த வரிகள் மட்டும் கடை பில்லில் வராது.

ஆர்வத்தோடு வண்டியை மாற்றுபவர்களைக் குறை சொல்ல இங்கே எதுவும் இல்லை. ஆனால் சுமார் 2 டன் எடையுள்ள, லிஃப்ட்டால் இன்னும் உயரமாகிவிட்ட ஒரு வண்டியின் சக்கரத்தை, கண் அளவில் பார்த்து வெளியே தள்ளுவது ஆபத்தான பழக்கம். ரிம்முக்குப் பின்னால் பொறித்திருக்கும் ஒரு சின்ன எண்ணைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு இது. அந்த எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலான வண்டிகளுக்கு ஸ்பேசர் என்ற பேச்சே எழாது.

ஆஃப்செட்னா என்ன?

ரிம்மை அகலவாக்கில் சரிபாதியாக வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். அந்த நடுக்கோட்டுக்கும், ரிம் ஹப்பில் போய் ஒட்டும் பரப்புக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். மி.மீ. கணக்கில் சொல்வார்கள். ரிம்மில் 'ஈ.டி.' என்ற எழுத்துகளோடு இந்த எண் இருக்கும். ஜெர்மன் சொல் ஒன்றின் சுருக்கம் அது.

ஒட்டும் பரப்பு நடுக்கோட்டுக்கு வெளிப்புறம், அதாவது ரோட்டைப் பார்த்த பக்கம் இருந்தால் பாசிட்டிவ் ஆஃப்செட். சக்கரம் வண்டிக்கு அடியில் அடங்கி நிற்கும். நடுக்கோட்டிலேயே இருந்தால் ஜீரோ. உட்புறம் இருந்தால் நெகட்டிவ். சக்கரம் வெளியே துருத்தும். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஹைலக்ஸின் கம்பெனி ரிம் 7.5 இன்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 30. வண்டியை வடிவமைத்த இன்ஜினீயர்கள் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பேரிங் எல்லாவற்றையும் இந்த எண்ணை மனதில் வைத்துத்தான் அமைத்திருக்கிறார்கள்.

9 இன்ச் ரிம், ஜீரோ ஆஃப்செட்: கணக்கு என்ன சொல்லுது?

பலரும் ஆசைப்படும் அளவு இது. 7.5 இன்ச் என்றால் சுமார் 190 மி.மீ.; அதில் பாதி 95. ஆஃப்செட் 30-ஐக் கழித்தால், கம்பெனி ரிம்மின் வெளி விளிம்பு ஹப் பரப்பிலிருந்து 65 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. 9 இன்ச்சில் பாதி 114. ஆஃப்செட் ஜீரோ என்பதால் கழிக்க ஒன்றுமில்லை. வெளி விளிம்பு 114 மி.மீ. தூரத்துக்குப் போய்விடும்.

வித்தியாசம் 49 மி.மீ. ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 2 இன்ச் சக்கரம் வெளியே வருகிறது. இரண்டு பக்கமும் சேர்த்தால் வண்டியின் கால் அகலம் ஒரு சாண் அளவில் பாதி கூடிவிடும்.

உள்பக்கம் என்ன ஆகிறது? பழைய ரிம்மின் உள் விளிம்பு 125 மி.மீ., புதியது 114. அதாவது சஸ்பென்ஷன் பக்கம் 11 மி.மீ. இடைவெளி கூடுகிறது. அந்த 11 மி.மீ. இடத்துக்காக 49 மி.மீ. வெளியே போக வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இப்போது 8 இன்ச் அகலம், பிளஸ் 20 ஆஃப்செட் ரிம்மைப் பார்க்கலாம். வெளியே வருவது 16 மி.மீ. மட்டும். உள்ளே 4 மி.மீ. கூடுதல் இடம். டயர் ஃபெண்டர் விளிம்பை ஒட்டி அழகாக நிற்கும், மீறாது. ஒரு பேப்பரும் இரண்டு நிமிடமும் இருந்தால் கடைக்குப் போகும் முன்பே யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. அகலமான டயர் போட்டால் அதையும் சேர்க்க வேண்டும்: 265-லிருந்து 285 டயருக்குப் போனால் இரு புறமும் தலா 10 மி.மீ. கூடும்.

லிஃப்ட் போட்டாச்சே, டயர் எப்படி உரசும்?

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். நிற்கும்போது டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு இடம் தெரியும். அதை நம்பிப் பெரிய டயரும் அகல ரிம்மும் வாங்கிவிடுவார்கள்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் உயர்த்துவது, வண்டி ஓய்வாக நிற்கும் உயரத்தை. பெரிய பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலே எழும்பி, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பரில் முட்டி நிற்கும். பல கிட்களில் அந்த ரப்பர் பழைய இடத்திலேயேதான் இருக்கும். அப்படியானால் சக்கரம் எட்டும் உச்ச உயரமும் பழையதேதான். லிஃப்ட் இல்லாதபோது உச்சத்தில் உரசியிருக்கும் டயர், லிஃப்ட் போட்ட பிறகும் உச்சத்தில் உரசும். பாடியையே சேஸிலிருந்து தூக்கும் பாடி லிஃப்ட்டில் மட்டும்தான் அந்த இடைவெளி உண்மையாகவே கூடுகிறது.

இன்னொரு சிக்கல் திருப்பத்தில் வரும். முன் சக்கரம் ஒரு அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சிலிருந்து டயரை எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ, அது வீசும் வட்டமும் அவ்வளவு பெரிதாகும். விளைவு: முழு ஸ்டீயரிங் ஒடிக்கும்போது டயரின் ஓரம் முன்னால் பம்பர் நுனியையும், பின்னால் மட் ஃப்ளாப்பையும் தேய்க்கும். கடை வாசலில் நேராக நிற்கும் வண்டியில் இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் இரண்டிலேயே தெரிந்துவிடும்.

வெளியே தள்ளுறதுல நியாயமே இல்லையா?

இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

லிஃப்ட் போட்டால் வண்டியின் எடை மையம் மேலே போகிறது. உயரம் கூடின வண்டிக்குக் கால் அகலமும் கொஞ்சம் கூடினால் கவிழும் அபாயம் குறையும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: கால் அகலம் 1,550 மி.மீ., எடை மையத்தின் உயரம் 750 மி.மீ. அந்த மையம் 50 மி.மீ. உயர்ந்தால், பழைய நிலைத்தன்மையை முழுசாகத் திரும்பப் பெற கால் அகலம் 100 மி.மீ.க்கு மேல் கூட வேண்டும். ஆஃப்செட்டை 30-லிருந்து 10-க்குக் குறைத்தால் கிடைப்பது 40 மி.மீ. இழந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு திரும்பக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அகலமான டயர் போடும்போது முன்னால் அப்பர் ஆர்மையும் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கையும் டயர் தொடாமல் இருக்கவும் ஆஃப்செட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டி வரலாம். இதெல்லாம் நியாயமான காரணங்கள். இவற்றுக்குத் தேவைப்படுவது 10 முதல் 20 மி.மீ. அதற்கு மேல் போவதில் பெரும்பகுதி போட்டோவுக்கான செலவு.

போட்டோவுக்கு அப்புறம் என்ன நடக்கும்?

முன் சக்கரம் திரும்பும் அச்சை அப்படியே கீழே நீட்டினால் ரோட்டில் ஒரு புள்ளியைத் தொடும். டயர் தரையில் பதியும் இடத்தின் நடுவுக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரத்தை 'ஸ்க்ரப் ரேடியஸ்' என்பார்கள். கம்பெனி வண்டியில் இது கவனமாகச் சின்னதாக வைக்கப்பட்டிருக்கும். சக்கரத்தை 30 மி.மீ. வெளியே தள்ளினால் இந்தத் தூரமும் ஏறத்தாழ அவ்வளவு நகர்கிறது.

நெம்புகோலை நீட்டுவது மாதிரிதான். ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு குழியும் கையில் இருக்கும் ஸ்டீயரிங்கை இழுக்கும். ஈ.சி.ஆரில் இடது சக்கரம் ஓரத்து மணலிலும் வலது சக்கரம் தாரிலும் இருக்கும்போது திடீரென்று பிரேக் அடித்தால், இரண்டு பக்கமும் பிடி வேறு வேறு. நீண்டுவிட்ட அந்த நெம்புகோல் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாகப் பலமாக வெட்டும். ஓட்டுபவர் எதிர்பார்க்காத அந்த ஒரு நொடியில்தான் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருக்கும்.

பேரிங்குக்கும் இதே கதைதான். எடை விழும் கோடு பேரிங்கை விட்டு விலக விலக, அதை வளைக்கும் விசை கூடும். பால் ஜாயின்ட், டை ராடு என்று எல்லாமும் சீக்கிரம் தேயும். லிஃப்ட் போட்டதால் ஏற்கெனவே கோணம் மாறிப்போன பாகங்கள் இவை என்பதை மறக்கக் கூடாது.

ஃபெண்டரைத் தாண்டி நிற்கும் டயர் சேற்றையும் ஜல்லியையும் வாரி இறைக்கும். சொந்த வண்டியின் கதவில் கீறல் விழுந்தால் அது உரிமையாளர் பாடு. பின்னால் வருபவரின் ஹெல்மெட் கண்ணாடியில் கல் தெறித்தால்?

ஸ்பேசர்: நல்லதா, கெட்டதா?

ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் அலுமினிய வட்டுதான் ஸ்பேசர். 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் பிளஸ் 30 ரிம், ஜீரோ ஆஃப்செட் ரிம் மாதிரி ஆகிவிடும். ஸ்டீயரிங்கும் பேரிங்கும் இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்காது. நெம்புகோல் நீளம் ஒன்றுதான். வித்தியாசம், ஸ்பேசரில் தளர்ந்துபோக இன்னும் ஓர் இணைப்பு கூடுகிறது என்பதில் இருக்கிறது.

இரண்டு வகை உண்டு. முதல் வகை, ஸ்டட்டில் சும்மா நுழைத்துவிடும் மெல்லிய தட்டு. ஹைலக்ஸ், வி-கிராஸ் இரண்டிலும் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.5 மி.மீ. ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட் மரையில் ஏற வேண்டும் என்பது பொது விதி. அதாவது குறைந்தது 8 சுற்று. 5 மி.மீ. தட்டு வைத்தால் 3 சுற்றுக்கு மேல் போய்விடும். நட்டைக் கையால் திருகி எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணாமல் இதைப் போடவே கூடாது.

இரண்டாவது வகை, ஹப்பில் தனியாக நட் போட்டு இறுக்கும் தடித்த ஸ்பேசர். ரிம் அதன் மேல் இருக்கும் புது ஸ்டட்களில் ஏறும். முதல் வகையைவிட இது பாதுகாப்பானது. ஆனால் ஒரு சக்கரத்துக்கு 6 நட் இருந்த இடத்தில் இப்போது 12. நாலு சக்கரத்துக்கு 48. அதில் 24 நட் ரிம்முக்குப் பின்னால் மறைந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் அவற்றைத் தொடக்கூட முடியாது. ஹைவே ஓரத்தில் பஞ்சர் பார்ப்பவர் வெளி நட்டை மட்டும் இறுக்கி அனுப்புவார். அவர் மேல் தப்பில்லை. உள்ளே இன்னொரு வரிசை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்காக ஸ்பேசர் என்றாலே கெட்டது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. போர்ஷே தன் சில கார்களுக்குத் தானே ஸ்பேசர் விற்றிருக்கிறது. அதற்கேற்ற நீளமான போல்ட்டோடு. வண்டியை வடிவமைத்தவரே கணக்குப் போட்டுக் கொடுப்பதும், மார்க்கெட்டில் கிடைத்ததை மாட்டுவதும் ஒன்றல்ல.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் குறைந்தபட்சம் மூன்றைச் செய்யலாம். ஹப் மேட்டில் இடைவெளி இல்லாமல் உட்காரும், வார்ப்பில் செய்யாத ஸ்பேசர்தானா என்று பார்ப்பது. ஏர் கன்னை நம்பாமல் டார்க் ரெஞ்சில் சரியான அளவுக்கு இறுக்குவது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கரத்தைக் கழற்றி உள் நட்டுகளைத் திரும்பச் சரிபார்ப்பது.

ஹைலக்ஸ் வீல் வி-கிராஸுக்குச் சேருமா?

செகண்ட் ஹேண்டில் ரிம் தேடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இரண்டிலும் 6 ஸ்டட். அவை அமைந்திருக்கும் வட்டம் இரண்டிலும் 139.7 மி.மீ. அதனால் மாட்டிப் பார்த்தால் ஏறிவிடும். ஆனால் நடு ஓட்டை ஹைலக்ஸில் சுமார் 106 மி.மீ., இசுசுவில் சுமார் 100 மி.மீ. ஹைலக்ஸ் ரிம் இசுசு ஹப்பில் சுற்றிலும் 3 மி.மீ. ஆடும் இடத்தோடு உட்காரும். சரியான ஹப் ரிங் இல்லாவிட்டால் வேகத்தில் நடுக்கம் வரலாம். திருப்பிப் பார்த்தால், இசுசு ரிம் ஹைலக்ஸ் ஹப்பில் நுழையவே நுழையாது.

நட்டிலும் கவனம் தேவை. சில கம்பெனி அலாய்களுக்குத் தட்டையான வாஷர் உள்ள நட். வெளியில் விற்கும் ரிம்களில் பலவற்றுக்குக் கூம்பு வடிவ நட். ஒன்றின் நட்டை மற்றதில் போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், ஆனால் பிடிப்பு இருக்காது.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பு நிறுவனம் முதலில் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் முரண்படும் விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தச் சட்டத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஸ்பேசருக்கு முன்னால் போட்ட லிஃப்ட்டையும் இதே சட்டத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மில் சிக்கல் செய்யவும் வழி இருக்கிறது.

பிக்கப் கலாசாரம் ஊறிப்போன ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். 2016 முதல் 2022 வரை ஒவ்வொரு ஆண்டும் அங்கே அதிகம் விற்ற வண்டி ஹைலக்ஸ்தான். லிஃப்ட்டுக்கு அங்கே விதி வகுத்து வழி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்நாட்டின் தேசிய மாடிஃபிகேஷன் விதித்தொகுப்பு, தயாரிப்பு நிறுவனம் பொருத்தியதாக இல்லாத ஸ்பேசரை அனுமதிப்பதில்லை. ஆஃப்செட் மாற்றி எவ்வளவு அகலப்படுத்தலாம் என்பதற்கும் மி.மீ. கணக்கில் வரம்பு உண்டு. இங்கேயும் மொத்தமாக 'கூடாது' என்பதைவிட, எது கூடும், எவ்வளவு வரை கூடும் என்று எழுதிவைத்தால் உரிமையாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நல்லது. அந்தத் தெளிவு வரும்வரை, பொறுப்பு வாங்குபவர் தலையில்தான்.

அப்போ எந்த வரிசையில முடிவெடுக்கணும்?

பலர் முதலில் ரிம் டிசைனைப் பிடித்துவிட்டு மற்றதை அதற்கேற்ப வளைக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

* வேலை: வண்டி ஓடப்போவது ஆபீஸுக்கா, தோட்டத்துக்கா, காட்டுப் பாதைக்கா?
* டயர்: 17 இன்ச் ரிம்மில் 265/70 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ.; ஹைலக்ஸின் 18 இன்ச் கம்பெனி டயர் சுமார் 775 மி.மீ. அச்சுக்குக் கீழே 14 மி.மீ. கூடுதல் உயரம் கிடைக்கும். 285/70 போனால் விட்டம் 831. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையான வேகம் 86-ஐ நெருங்கும்.
* ரிம் அகலம்: 265 டயருக்கு 8 இன்ச் தாராளம்.
* ஆஃப்செட்: மேலே பார்த்த கணக்கைப் போட்டு, டயர் ஃபெண்டரை மீறாத எண். ஹைலக்ஸுக்கு பிளஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் நிம்மதி.
* எடை தாங்கும் அளவு: ரிம்மில் பொறித்திருக்கும். பின் ரிம் இரண்டும் சேர்ந்து, பின் ஆக்சிலின் அதிகபட்ச எடையைத் தாங்க வேண்டும். காருக்கான ரிம் பிக்கப்பின் பாரத்துக்குப் போதாமல் போகலாம்.
* ஸ்பேசர்: மேலே உள்ள ஐந்தும் சரியாக அமைந்த பிறகும் இடம் போதவில்லை என்றால் மட்டும்.

கடையில் பணம் கொடுக்கும் முன் மூன்று சோதனை கேட்கலாம். ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டி ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்ப்பது. எதிர்மூலைச் சக்கரத்தை மேடான இடத்தில் ஏற்றி, திரும்பவும் ஒடித்துப் பார்ப்பது. ரிம்மைத் திருப்பி, ஈ.டி. எண்ணையும் எடை அளவையும் போன் கேமராவில் எடுத்துக்கொள்வது. இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையாக இருந்தால், வேறு கடை பார்ப்பதே புத்திசாலித்தனம்.

நாலு நல்ல ரிம்மோடு ஒப்பிட்டால் ஸ்பேசர் மலிவுதான். அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக விற்கிறது. ஆனால் லிஃப்ட்டுக்கு அவ்வளவு பணம் போட்டவர், இன்னும் இரண்டு மாதம் பொறுத்துச் சரியான ஆஃப்செட்டில் ரிம் வாங்கினால், மறைந்திருக்கும் அந்த 24 நட்டுகளைப் பற்றிய கவலை இல்லாமல் குடும்பத்தைப் பின்சீட்டில் உட்காரவைத்து மலை ஏறலாம். அதுவரை டயர் கொஞ்சம் உள்ளே ஒடுங்கித்தான் தெரியும். தெரிஞ்சா தெரியட்டுமே!